வத்திராயிருப்புக்காரரின் குவார்ட்ஸ் இழை

கே.எஸ். கிருஷ்ணன் என்றால் ராமனுக்குத் துணை நின்றவர் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். 1928 மார்ச் 31 'நேச்சர்' இதழில் ராமன் விளைவு பற்றி வந்த குறிப்பில் இருவர் பெயரும் இருந்ததால் வந்த வினை இது. நோபல் பரிசில் அவருக்குப் பங்கு உண்டா என்று இன்னும் வழக்காடுகிறார்கள். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளிய எனக்கு அந்த வழக்கில் ருசி இல்லை. கிருஷ்ணன் தன் காலில் நின்று செய்த வேலை காந்தவியலில். அதைப் பேசத்தான் ஆள் குறைவு.

1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்துவிட்டு, பின்னதிலேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார். மத்தியான இடைவேளையில் அவரிடம் சந்தேகம் கேட்க வேறு கல்லூரிப் பையன்களும் வருவார்களாம். பிறகு கல்கத்தா இந்தியன் அசோசியேஷனில் ராமனோடு ஆராய்ச்சி. 1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர் வேலை. சத்யேந்திரநாத் போஸ் அப்போது அங்கேதான் பேராசிரியர்.

டாக்காவில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஒரு படிகத்தின் காந்தத்தன்மை எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை, அந்த வித்தியாசம் எவ்வளவு? காந்தம் லேசாகத் தள்ளிவிடும் டயா காந்தப் பொருள்களில் அது மிகமிகச் சிறிய அளவு. சாதாரணத் தராசுக்கெல்லாம் பிடிபடாது.

சாந்திலால் பானர்ஜியோடு சேர்ந்து அவர் கண்ட வழி அழகானது. தலைமயிரைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சின்னப் படிகம் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். இழையின் மேல்முனை, டிகிரி குறித்த வட்டுள்ள ஒரு திருகில் மாட்டியிருக்கும். இரண்டு பக்கமும் மின்காந்தத்தின் துருவங்கள். புலத்தில் படிகம் தனக்குப் பிடித்த திசை பார்த்து நின்றுகொள்ளும். இப்போது மேல்திருகை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. இழை முறுக்கேறிக்கொண்டே போகும். படிகம் லேசாகத்தான் அசையும், விடாப்பிடியாக நிற்கும். அது சுமார் 45 டிகிரி விலகியதும், புலத்தின் பிடி அதற்கு மேல் கூட முடியாது. சடாரென்று திரும்பிவிடும். அந்தக் கணத்தில் திருகு எத்தனை டிகிரி சுற்றியிருக்கிறது என்று படித்துக்கொண்டால் போதும். இழையின் விறைப்பும் புலத்தின் வலிமையும் படிகத்தின் எடையும் தெரிந்தால், வித்தியாசம் கணக்கில் வந்துவிடும். படிகத்தின் கோணத்தைத் தனியாக அளந்து அல்லாட வேண்டியதில்லை. காசில்லாத பரிசோதனைச்சாலைக்கென்றே பிறந்த உத்தி என்பேன்.

1933இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் 'ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' இதழில் இந்த அளவுகளைப் பற்றிய கட்டுரைத் தொடரின் முதல் பகுதி வந்தது, பி.சி. குஹாவும் உடன் எழுதியவர். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டை இருக்கிறதே, அந்த நாப்தலீனின் மூலக்கூறுகள் தட்டையானவை. தகட்டுக்குச் செங்குத்தான திசையில் அவற்றின் டயா காந்தம் அதிகம். ஆகவே காந்த அளவை வைத்தே, படிகத்துக்குள் அந்தத் தகடுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். எக்ஸ்ரே வல்லுநர்களுக்கு இது பெரிய ஒத்தாசை. அவர்களில் ஒருவரான கேத்லீன் லான்ஸ்டேல் 1936இல் கிருஷ்ணனோடு சேர்ந்தே கட்டுரை எழுதினார். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்: அடுக்குக்குச் செங்குத்தாக இருப்பது, அடுக்கின் வழியே இருப்பதைப் போல 40 மடங்குக்கு மேல்.

இன்னொரு பக்கம், காந்தம் லேசாக இழுக்கும் பாரா காந்த உப்புகள். மயில்துத்தத்தில் செப்பு அயனியைச் சுற்றி நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள் அதன் காந்தத்தன்மையை எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று 1938இல் முகர்ஜி என்பவரோடு சேர்ந்து எழுதினார். பெத்தேயும் வான் விளெக்கும் காகிதத்தில் போட்ட படிகப்புலக் கொள்கையை உரசிப் பார்க்க இத்தகைய அளவுகள்தான் வேண்டியிருந்தன.

1933இலேயே கல்கத்தா இந்தியன் அசோசியேஷனுக்குத் திரும்பியிருந்தார். 1940இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகம், 1947இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அரசாங்கம் அவரைச் சரியான இடத்தில் வைத்தது என்பார்கள். எனக்கு அரைமனதுதான். கட்டடம், கமிட்டி, ஃபைல் என்று ஆனபின் குவார்ட்ஸ் இழைக்கு ஏது நேரம்? கடைசி வருஷங்களில் மின்சாரத்தால் சூடேறும் கம்பிகளில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் நல்ல கணக்குதான். 1961 ஜூனில் காலமானார்.