தகரடப்பாவும் ஏ போட்டியும்: பட்டப்பெயர்களின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மக்கள் வழக்கிலுள்ள பட்டப்பெயர்கள் வெறும் நகைச்சுவையின்பாற்பட்டன என்றே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளன. தேய்ந்த மோட்டார் வண்டிகளுக்கு வழங்கிய பெயர்களை அவற்றின் பொருளாதாரப் பின்னணியில் வைத்து நோக்குமிடத்து, இக்கருத்தின் குறைபாடு புலனாகும்.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான போர்ட் ‘ரி’ வகை வண்டியை அமெரிக்க மக்கள் ‘தகர லிசி’ என்றனர். கிழக்கு ஜேர்மனியின் ட்ராபன்ற், பருத்தி இழையும் பிசினும் கலந்த அதன் உடலமைப்புக் காரணமாகப் ‘பந்தய அட்டை’ எனக் கேலி செய்யப்பட்டது. தமிழிலோ ‘தகரடப்பா’ என்கிறோம். வெவ்வேறு சமூக அமைப்புகளில் தோன்றிய இம்மூன்று பெயர்களும், விற்பனைப் பண்டத்தின் கவர்ச்சியைக் களைந்து, அது எதனாற் செய்யப்பட்டது என்பதையே முன்னிறுத்துகின்றன.

ஈழத்து வழக்கில் மற்றொரு போக்கும் உண்டு. ஒஸ்ரின் நிறுவனம் தன் ஏ 40 வண்டிகளுக்கு டெவன், சொமசெற் என இங்கிலாந்தின் கோட்டப் பெயர்களைச் சூட்டிற்று. நம்மவர் நாவிலோ, ஏறத்தாழ நாற்பது குதிரைவலுவைக் குறித்த எண்ணே ‘ஏ போட்டி’யாக நிலைத்தது. ஆள்வோரின் ஊர்ப்பெயரைவிட, பொறியின் வலுவே உழைப்பவனுக்கு வேண்டியிருந்தது எனலாம்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி இறக்குமதிக் கட்டுப்பாடுகளைக் கொணர்ந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை புதிய கார் அரும்பொருளாயிற்று. 1957இல் இலக்கத் தகடுகளிற் சிங்கள ‘சிறீ’ புகுத்தப்பட்டதும், தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்து இயக்கம் நடத்தியதும் யாவரும் அறிந்தவை. அதன்பின் ஆங்கில எழுத்துத் தகடு வண்டியின் வயதுச் சான்றாயிற்று.

மட்டக்களப்பில் உத்தியோகத்தரும் போடிமாரும் மதிப்பின் சின்னமாகக் கொண்ட கார், கைமாறிக் கைமாறி வாடகைக் காராயிற்று. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே வாவி கிடந்தது. 1924இல் கல்லடிப் பாலம் அமைந்தபோதும், மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது 2014இலேயாம். அதுவரை அங்கே ‘பாதை’ எனப்படும் படகே கடத்திற்று. இத்தகைய நிலத்தில், நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆஸ்பத்திரி சேர்க்கும் வண்டியின் பெறுமதியை அதன் சந்தை விலை காட்டாது.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. பெற்றோல் அற்ற நிலையில், காபுறேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்தபின் மண்ணெண்ணெயில் ஓடியவை இக்கிழட்டு வண்டிகளே. தாழ்ந்த அமுக்க விகிதங்கொண்ட பழைய பொறிகளுக்கே அது இயன்றது.

ஆயின் பொறி தானாக ஓடுவதில்லை. கிடையாத உதிரிப்பாகத்தைக் கடைந்தும் ஒட்டியும் ஈடுசெய்த கராச்சுத் தொழிலாளியின் உழைப்பே அதனை ஓட்டிற்று. ‘ஓட்டைக் கார்’ என்ற சொல் ஓட்டையை மட்டுமே காண்கிறது; அதனை அடைத்த கையைக் காண்பதில்லை. எனவே, இத்தகைய சொற்களைத் தொகுப்போர் பொருளை மட்டுமன்றி, எவர் எவரை நோக்கி அவற்றைக் கூறினர் என்பதையும் பதிதல் வேண்டும். கராச்சுகளின் முதிய தலைமுறை மறையுமுன் அப்பணி தொடங்கப்படுதல் அவசியமாகும்.