திண்ணனின் தூணி

மலர்க் குழுத் தம்பிகள் கட்டுரை கேட்டு வந்தபோது, "நம்ம ஊர் மலைக்கோட்டையைப் பற்றி எழுதுங்கள் ஐயா" என்றார்கள். கோட்டையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். முத்துகிருஷ்ணப்ப நாயக்கரும் ஹைதர் அலியும் இந்த ஒரு மலரிலாவது ஓய்வெடுக்கட்டும். நான் எழுதப்போவது ஒரு மூங்கில் குழாயைப் பற்றி.

1975ஆம் ஆண்டு கல்லூரி நாளில் நாங்கள் 'கண்ணப்பர்' நாடகம் போட்டோம். அதில் திண்ணனாக நடித்தவன் அடியேன். எங்கள் செட் நண்பர்களுக்கு 'அம்பு கொட்டின நாடகம்' என்று சொன்னால்தான் நினைவு வரும்.

ஹாஸ்டலில் என் அறைத்தோழன் சிறுமலை அடிவாரத்துக்காரன். அவனுடைய தாத்தா அந்தக் காலத்தில் காட்டுக்குள் வில்லெடுத்துப் போனவர். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வில்லைப் பரணில் போட்டுவிட்டார். நாடகம் என்றதும் பேரனிடம் தம் வில்லையே கொடுத்தனுப்பினார். கூடவே முழ நீளத்தில் ஒரு மூங்கில் குழாய். வில்லின் பிடிக்கு மேலும் கீழும் நாரில் திரித்த இரண்டு வளையங்கள். அவற்றில் இரண்டு அம்பைச் செருகிக்கொள்ளலாம். மிச்ச அம்புகள் குழாயில், குழாய் இடுப்பில். அவ்வளவுதான் அவருடைய ஏற்பாடு.

எங்களுக்கு அது பிடிக்கவில்லை. காலண்டரில் ராமர் எப்படி இருக்கிறார்? முதுகில் ஜம்மென்று தூணி, தோளுக்கு மேலே இறகு. பேகம்பூர்ப் பக்கம் போய்த் தோல்வார் வாங்கி, அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டி, நாங்களே ஒரு தூணி செய்தோம். பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் தகரத்தில் அம்பு முனை வெட்டித் தந்தார். ஒத்திகைக்கு வந்த தாத்தா பார்த்துவிட்டு, "தம்பி, முதுகுல போட்டா குனிய முடியாதுப்பா" என்றார். வரலாறு படிக்கும் எனக்கு ஒரு நாட்டுப்புறப் பெரியவர் பாடம் சொல்வதா? "நாடகத்துக்கு இதுதான் தாத்தா அழகு" என்று சொல்லிவிட்டேன்.

நடந்ததை ஊகித்திருப்பீர்கள். குடுமித்தேவர் முன்னால் விழுந்து கும்பிட்டேன். பன்னிரண்டு அம்பும் தலைக்கு மேலே வழிந்து ஸ்டேஜ் முழுக்க உருண்டன. அரங்கம் அதிர்ந்தது. அதைவிட மோசம், கண்ணைத் தோண்டும் கட்டத்தில் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு அம்பும் இல்லை. முன்வரிசையில் இருந்த தாத்தா எழுந்து வந்து, காலடியில் கிடந்த ஒன்றைப் பொறுக்கி, "இந்தாப்பா" என்று நீட்டினார். அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான்.

பிறகு எம்.ஏ. படிக்கும்போதுதான் பெரியபுராணத்தை ஒழுங்காகப் படித்தேன். திண்ணனார் வாயில் நீரை முகந்துகொள்கிறார். தலையில் பூவைச் செருகிக்கொள்கிறார். ஒரு கையில் இறைச்சி வைத்த இலைக்கல்லை. வில்லும் அம்பும் மறு கையில். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் வேடனின் அம்பை வில் பிடித்த கையிலேயே வைத்திருக்கிறார்! நாங்கள் போட்ட நாடகத்தின் மூலக்கதையிலேயே தாத்தா சொன்னதற்குச் சாட்சி இருந்திருக்கிறது. படிக்காமலே மேடையேறியவன் நான்.

முதுகுத் தூணி பொய் என்று சொல்ல வரவில்லை. செங்கம் பக்கத்து நடுகற்களில் வில்லும் குறுவாளும் ஏந்திய வீரர்கள் சிலரின் முதுகில் தூணி இருக்கிறது. அவர்கள் ஆநிரைப் பூசலில் நின்று போரிட்டவர்கள். நிறைய அம்பு வேண்டும், சத்தம் கேட்டால் கவலையில்லை. (2006இல் நமக்கு அண்டையில், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்களில் ஒன்று ஆகோள் பூசலைச் சொல்கிறது. ஆனால் அவற்றில் எழுத்து மட்டுமே உண்டு, உருவம் இல்லை.) வேட்டைக்காரனின் கணக்கு வேறு. முள்ளுக்குள் குனிந்து போகவேண்டும். தோளுக்கு மேலே கை உயர்ந்தாலே மான் ஓடிவிடும். அம்போடு அம்பு உரசிக் 'கடகட' என்றால் அன்றைக்குப் பட்டினி. அதனால்தான் குழாயின் அடியில் தாத்தா காய்ந்த புல்லைத் திணித்திருந்தார். அட்டைத் தூணி செய்த எங்களுக்கு அது குப்பையாகத் தெரிந்தது!

இன்னொரு விஷயம், மாணவத் தம்பி தங்கைகளுக்காக. தூணிக்குத் தமிழில் நாழி என்றும் பெயர் உண்டு. ஆவநாழிகை என்பதும் அதுவே. நாழி என்றால் உள்ளே துளையுள்ள குழாய். அதுவேதான் நம் பாட்டிமார் நெல் அளந்த நாழி. நாகல்நகரில் தறி பார்த்தவர்களுக்குத் தெரிந்த நெசவுநாடாவுக்கும் அகராதியில் நாழி என்ற பெயர் இருக்கிறது. தூணியும் ஓர் அளவைதான். எட்டு நாழி ஒரு குறுணி, நான்கு குறுணி ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். அம்பு வைத்ததற்கும் நெல் அளந்ததற்கும் நம்மவர்களுக்கு ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. அம்பறாத்தூணி என்றால் அம்பு அற்றுப்போகாத தூணி. பாரதத்தில் அக்கினி தேவன் அர்ச்சுனனுக்குக் கொடுத்தது அப்படிப்பட்டதுதான். ஆனால் சிவன் வேடனாக வந்தபோது அதுவும் காலியாகிவிட்டது. என் அட்டைத் தூணி காலியானதில் ஆச்சரியம் என்ன!

அமெரிக்காவில் வில்வேட்டையைப் பரப்பிய பிரெட் பேர் (1902–1988) வில்லோடு பொருத்தும் தூணியைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர். 1969இல் ஹோலஸ் வில்பர் ஆலன் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று அந்த வில்களில் நாலைந்து அம்பு பிடிக்கும் தூணியைப் பக்கவாட்டில் மாட்டுகிறார்கள். என் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு கடைப் புத்தகம் கொண்டுவந்தான். வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது: முனையை முழுக்க மூடும் குல்லாய் வேண்டும், அம்பின் பருமனுக்குத் தக்க பிடிப்பு வேண்டும், ஆட்டினால் சத்தம் வரக்கூடாது, வில் ஒரு பக்கமாகச் சாயும் எடை கூடாது, தேவையில்லாதபோது கழற்ற வரவேண்டும். படித்துவிட்டுச் சிரித்தேன். நார் வளையத்தில் இதில் பாதி இருந்தது. குல்லாய் மட்டும் இல்லை. அதற்குப் பதில் தாத்தாவின் இடது மணிக்கட்டில் ஒரு நீளத் தழும்பு இருந்தது.

வில்வித்தை பழகும் இன்றைய மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நம் நாட்டில் லைசென்ஸ் வேட்டைகூட 1991 திருத்தத்தோடு முடிந்துபோயிற்று. இலக்குப் பலகைக்கு முன்னால் நிற்பவருக்கு இடுப்புத் தூணி போதும்.

தாத்தாவிடம் "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று ஒரு வார்த்தை சொல்ல நினைத்து நினைத்தே நாலு வருஷம் போய்விட்டது. 1979இல் ஊருக்குப் போனபோது அவர் காலமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. வில்லை அவரோடு வைத்துவிட்டார்களாம். தோழன் குழாயை மட்டும் என் கையில் கொடுத்தான். "உன் பேரைச் சொல்லித்தான் எடுத்து வச்சிருந்தாருடா. அந்தத் தம்பி ஒருநா கேட்டு வரும்னாரு" என்றான்.

வீட்டில் ரொம்ப காலம் அதில் குடை வைத்திருந்தோம். வெட்கமாகத்தான் இருக்கிறது. தோழனும் போன வருஷம் போய்விட்டான். அவன் மகளிடம் குழாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கிப் பார்த்தாள். "தாத்தா படிக்காத காலேஜுல அவரு சாமான் இருக்கட்டும் பெரியப்பா" என்றாள்.

ஆகவே கூட்டத்தன்று வரவேற்பு மேசைமேல் அது இருக்கும். எடுத்துப் பார்க்கலாம், ஆட்டியும் பார்க்கலாம். அடியில் இருக்கும் புல்லை மட்டும் யாரும் உதறிவிட வேண்டாம். அது அவர் வைத்தது.