போலந்தின் இசைப் பள்ளிகள்: வார்சா முதல் ரிப்னிக் வரை

போலந்து இசை என்றதும் ஷோப்பான் பெயர் நினைவுக்கு வரும். அவருக்குக் கற்பித்தவர்களை நினைப்பவர் குறைவு. இக்கட்டுரை கற்பித்தவர்களையும் அவர்கள் நடத்திய பள்ளிகளையும் பற்றியது. நாடே இல்லாமல் போன காலத்தில் தொடங்கி, இருமுறை மூடப்பட்டு, இடிபாடுகளுக்கிடையே மீண்டும் திறந்த பள்ளிகள் அவை. இன்று அந்நாட்டில் ஒரு சிற்றூர்ச் சிறுமி அரசு இசைப் பள்ளியில் சேர்ந்து, கட்டணமின்றித் தனி ஆசிரியரிடம் வயலின் கற்க முடிகிறது. போலந்து இசையின் உண்மையான பெருமை அந்த வகுப்பறையில் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

1795இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தை முழுவதுமாகப் பங்கிட்டுக்கொண்டன. ரஷ்யப் பேரரசின் கீழிருந்த வார்சாவில் 1821இல் யூசெஃப் எல்ஸ்னர் தலைமையில் ஓர் இசைக் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. எல்ஸ்னர் சைலீசியாவில் ஜெர்மன் பேசி வளர்ந்தவர். பிற்பாடு போலந்து மொழியை வசப்படுத்தி, அதில் ஆப்பெராக்கள் இயற்றினார். 1826 முதல் 1829 வரை ஷோப்பான் அவரிடம் இசையமைப்புக் கற்றார். படிப்பு முடிந்தபோது அந்த மாணவனை இசைமேதை என்று எல்ஸ்னர் குறித்துவைத்தது வரலாற்றில் புகழ்பெற்றுவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவருடைய பொறுமை. தம் மாணவன் தாய்மொழியில் ஓர் ஆப்பெரா எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசையை வாய்விட்டே சொன்னார். ஆனால் பியானோவையே பற்றி நின்ற பையனைத் தம் பக்கம் வளைக்க முயலவில்லை. நல்ல ஆசிரியருக்கு இதுவே அடையாளம்.

ரஷ்ய ஆட்சிக்கு எதிராக 1830 நவம்பரில் வெடித்த எழுச்சி தோற்றது. ரஷ்ய ஆட்சி பல்கலைக்கழகத்தோடு இசைப் பள்ளியையும் மூடியது. வயலின் கலைஞர் அப்போலினரி கோன்ட்ஸ்கியின் முயற்சியால் 1861இல்தான் வார்சாவில் மறுபடி ஓர் இசை நிலையம் எழுந்தது. பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞராகவும், விடுதலை பெற்ற நாட்டுக்கு 1919இல் பிரதமராகவும் விளங்கிய பதெரெஃப்ஸ்கி அங்கே படித்தவர். ஆஸ்திரியாவின் பங்கில் கெடுபிடி குறைவு. அங்கே லிவூஃப் நகரில் ஷோப்பானின் நேர் மாணவரான கரோல் மிகுலி கற்பித்தார். கிராகோவ் நகரில் 1888இல் விளாடிஸ்வாஃப் ஜெலென்ஸ்கி ஓர் இசைக் கல்லூரியை நிறுவினார்.

விடுதலைக்குப் பின் வார்சா நிலையம் அரசுக் கல்லூரியானது. 1927இல் அதன் இயக்குநரான இசையமைப்பாளர் கரோல் ஷிமனோஃப்ஸ்கி பாடத்திட்டத்தைப் புதுமைப்படுத்த முயன்று, பழைய வழியை விடாத ஆசிரியர்களோடு மோதி, உடல்நலம் கெட்டு விலகினார். இதை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஆனால் அதே காலத்தில் தலைநகருக்கு வெளியே நடந்தவை எனக்கு முக்கியமானவை. 1934இல் ததேயுஷ் ஒஹ்லெஃப்ஸ்கி ‘ஓர்முஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கிச் சிறந்த கலைஞர்களைச் சிற்றூர்களுக்கும் பள்ளிகளுக்கும் அழைத்துச் சென்றார். அதற்கு முந்தைய ஆண்டு, நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ரிப்னிக் என்ற ஊரில் கரோல், அந்தோனி ஷஃப்ரானெக் என்ற சகோதரர்கள் ஓர் இசைப் பள்ளி திறந்திருந்தார்கள். ரிப்னிக் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

1939இல் ஜெர்மானியப் படை நுழைந்ததும் போலந்து மக்களுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டது. வார்சாவில் தொழிற்பயிற்சி என்ற பெயரில் ஓர் இசைப் பள்ளி நடத்த மட்டும் 1940இல் அனுமதி கிடைத்தது. அதன் பொறுப்பில் இருந்த கசிமியேஷ் சிகோர்ஸ்கியும் உடன் ஆசிரியர்களும் அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் கல்லூரிப் பாடங்களையே தொடர்ந்து நடத்தினார்கள். வெளியே, மேடை இழந்த கலைஞர்கள் காப்பிக் கடைகளில் வாசித்துப் பிழைத்தார்கள். இசையமைப்பாளர்கள் லுட்டொஸ்வாஃப்ஸ்கியும் பனுஃப்னிக்கும் இரட்டைப் பியானோ வாசித்தது அப்படித்தான். போர் முடிந்தபோது வார்சாக் கல்லூரிக் கட்டடம் இல்லை. நூலகங்களும் இசைக்கருவிகளும் போயின. ஆசிரியர்கள் பலர் உயிரோடு இல்லை.

1945ஐ நான் இந்த வரலாற்றின் மிகப் பெரிய ஆண்டாகக் கருதுகிறேன். உணவுக்கும் நிலக்கரிக்கும் வரிசையில் நின்ற நாட்டில் இசைப் பள்ளிகள் அடுத்தடுத்துத் திறந்தன. கிராகோவில் பியானோ ஆசான் ஸ்பிக்னியெவ் ட்ஜெவியெட்ஸ்கி புதிய உயர்கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். கட்டோவிட்சேயும் வூச்சும் தொடர்ந்தன; 1946இல் வார்சா, பிறகு கடலோரத்தில் சோபோட், மக்களே புதிதாகக் குடியேறிய விரோட்ஸ்வாஃப்.

ஆனால் குழந்தைகள் கையில் எதைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது? பாடநூல்கள் எரிந்திருந்தன. ஓர்முஸ் நடத்திய அதே ஒஹ்லெஃப்ஸ்கி 1945இல் கிராகோவில் அரசு இசைப் பதிப்பகத்தைத் தொடங்கி, லுட்டொஸ்வாஃப்ஸ்கியிடம் தொடக்கநிலை மாணவருக்கான உருப்படிகள் கேட்டார். அவர் நாட்டுப்புற மெட்டுகளிலிருந்து 12 சிறு பியானோ உருப்படிகளை எழுதித் தந்தார். வலக்கை எளிய மெட்டை வாசிக்கும்; இடக்கையில் எதிர்பாராத சுரக்கூட்டுகள் வந்து சேரும். எட்டு வயதுக் குழந்தை தன் பாட்டி பாடும் மெட்டின் வழியாகவே இருபதாம் நூற்றாண்டின் ஒலிக்குப் பழகிவிடும். ஒரு நாட்டின் முதல்தர இசையமைப்பாளர் தொடக்கப்பள்ளிக்காக உட்கார்ந்து எழுதியது சாதாரணக் காரியமல்ல. அந்த உருப்படிகள் இன்றும் மாணவர் கைகளில் இருக்கின்றன.

போருக்குப் பின் உருவான அமைப்பு மூன்று படிகள் கொண்டது. முதல்நிலைப் பள்ளியில் சிறு குழந்தைகளுக்கு ஆறாண்டு, சற்று வளர்ந்து சேருவோருக்கு நான்காண்டு. இரண்டாம்நிலை ஆறாண்டு, இறுதியில் பட்டயத் தேர்வு. அதன் மேல் உயர்கல்வி நிறுவனங்கள், இன்று எட்டு. இவையெல்லாம் கல்வி அமைச்சகத்தின் கீழ் வராமல் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. கலைக்கல்வி மையம் என்ற அமைப்பு நாடு முழுவதும் பள்ளிகளைப் பார்வையிட்டு, மாணவருக்கு நாடு தழுவிய வாசிப்புத் தேர்வுகள் நடத்துகிறது.

சேர வரும் குழந்தைக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர் தட்டும் தாளத்தைத் திருப்பித் தட்டச் சொல்வார்கள். ஒரு சிறு மெட்டைப் பாடச் சொல்வார்கள். காதும் கையும் பார்க்கப்படும். சேர்ந்த பிறகு வாரம் இருமுறை கருவி வகுப்பு, ஆசிரியரும் மாணவரும் மட்டுமாக. கூடவே செவிப்பயிற்சி, உடலசைவோடு தாளம் கற்கும் வகுப்பு, பிறகு சேர்ந்திசை, வாத்தியக்குழு. பெரும்பாலோர் காலையில் வழக்கமான பள்ளிக்குப் போய்விட்டு மாலையில் இங்கே வருவார்கள். பொதுப்பாடமும் இசையும் ஒரே கூரையில் நடக்கும் முழுநேரப் பள்ளிகளும் உண்டு. கருவி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியே இரவல் தருகிறது. ஒரே ஒரு குழந்தைக்காக ஓர் ஆசிரியரின் நேரத்துக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது என்பதுதான் இதில் செலவு மிகுந்த பகுதி. அதைச் சிக்கனம் என்ற பெயரில் குழு வகுப்பாக்கிவிட்டால் மிஞ்சுவது பெயர்ப்பலகை மட்டுமே.

இப்போது ரிப்னிக். 1950களின் தொடக்கத்தில் அருகிலிருந்த ரிடுல்டோவியில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேலை பார்த்த இளைஞர் ஒருவர், ஷஃப்ரானெக் சகோதரர்கள் உருவாக்கிய பள்ளியில் மாணவராக வந்து சேர்ந்தார். ஹென்ரிக் குரெட்ஸ்கி. செர்னிட்சா என்ற கிராமத்துக்காரர். தாயை இரண்டு வயதில் இழந்தவர். ரிப்னிக்கில் இரண்டாம்நிலை முடித்து, 1955இல் கட்டோவிட்சே உயர்கல்லூரிக்குப் போய் இசையமைப்பாளர் ஷபெல்ஸ்கியிடம் பயின்று, பின்னர் அதே கல்லூரிக்குத் தலைவரானார். 1976இல் அவர் இயற்றிய மூன்றாம் சிம்பொனியின் ஒரு பதிவு 1990களில் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வார்சாவில் மட்டும் பள்ளி இருந்திருந்தால் இந்த மனிதர் எங்கே போயிருப்பார்? இசையமைப்பாளர் பென்டெரெட்ஸ்கியும் டெம்பிட்சா என்ற சிறுநகரத்தவர். 2005இல் ஷோப்பான் பியானோப் போட்டியில் வென்ற ரஃபாவ் பிளெஹாச் நக்வோ என்ற சிறு ஊரில் பிறந்து, பக்கத்து நகரான பிட்கோஷ்சில் பள்ளியும் கல்லூரியும் முடித்தவர்.

இந்த அமைப்பில் குறை இல்லாமல் இல்லை. ஆண்டுதோறும் தேர்வு, இரட்டைப் பள்ளியின் சுமை, தனிக்கலைஞரை உருவாக்குவதில் உள்ள பழைய மோகம் ஆகியவை குழந்தைகளைக் களைப்படையச் செய்கின்றன. முதல்நிலை முடித்தவர்களில் பெரும்பாலோர் இசையைத் தொழிலாகக் கொள்வதில்லை. சிலர் இதை வீண்செலவு என்கிறார்கள்; நான் ஒப்பமாட்டேன். ஆறாண்டு வயலின் கற்று மருத்துவராகவோ பொறியாளராகவோ போனவர்தான் பிறகு ஊர் அரங்கில் நுழைவுச்சீட்டு வாங்கி உட்காருகிறார், சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறார், தன் பிள்ளையை அதே பள்ளிக்கு அழைத்து வருகிறார். பாடத்திட்டம் அவரையும் மனத்தில் வைத்து எழுதப்பட வேண்டும். கூட்டாக வாசிக்கும் நேரம் கூட வேண்டும், தேர்வு குறைய வேண்டும். போலந்து இசையாசிரியர்கள் பலர் இன்று கேட்பதும் இதைத்தான்.