கத்தியை எதிர்கொண்ட கம்பு: போடிநாயக்கனூர் மலைச்சரிவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கத்தித் தாக்குதலிலிருந்து தற்காத்துக்கொள்ளும் தமிழர் பயிற்சி, சிலம்பக் கம்பையே மையமாகக் கொண்டு நிலைபெற்றுள்ளது. இதற்குப் போர்க்கலை மரபு மட்டுமன்றி, ஆயுதங்களை வகைப்படுத்திய சட்ட வரலாறும் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: சிலம்பம், குத்துவரிசை, ஆயுதச் சட்டம், பாளையம், தற்காப்புரிமை

முன்னுரை

மதுரை நாயக்கர் ஆட்சியில் வகுக்கப்பட்ட 72 பாளையங்களுள் போடிநாயக்கனூரும் ஒன்றாகக் குறிக்கப்பெறுகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூர், ஏலமலைக்கு ஏறும் வாயிலாகவும் ஏலக்காய் வணிக மையமாகவும் விளங்குகின்றது. இங்கு அரிவாளும் கவாத்துக் கத்தியும் உழைப்பாளர் கையில் நாள்தோறும் இருக்கும் கருவிகள். பூசல் எழுங்கால் முதலில் கைக்கு எட்டுவனவும் அவையே. இத்தகைய சூழலில், கத்திக்கு எதிரான காப்பு மற்றொரு கத்தியாக அமையாமல் கம்பாக அமைந்தது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆயுதக் களைவும் கம்பின் நிலையும்

மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட பின், அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பகுதிப் பாளையக்காரரும் சேர்வைக்காரரும் தாக்குதலுக்குரிய ஆயுதங்களைப் பயன்படுத்துவதை ஒழிப்பது அதன் நோக்கம். பாளையங்களின் படைப்பயிற்சி இதனால் அடித்தளம் இழந்தது.

இதன் தொடர்ச்சியாக ஆங்கிலேயர் சிலம்பத்தை முற்றிலும் தடைசெய்தனர் எனப் பரவலாகக் கூறப்படுகின்றது. இக்கூற்றைச் சட்ட வாசகங்களுடன் ஒப்பிட்டுக் காண்பது தேவை. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் துப்பாக்கி, துப்பாக்கி முனைக்கத்தி, வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு முதலியவற்றைப் பெயர்சுட்டிக் குறிப்பிடுகின்றது. கம்பு அப்பட்டியலில் இல்லை. விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, தடியையும் ஊன்றுகோலையும் வீட்டு, வேளாண் பயன்பாட்டுப் பொருள்களாகக் கொண்டு ஆயுத வரையறையிலிருந்து வெளிப்படையாக விலக்கியது. 1962ஆம் ஆண்டு விதிகள் 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளை ஆயுத வகையில் சேர்த்தன. எனினும் வீட்டிற்கும் வேளாண்மைக்கும் உரியவற்றுக்கு விலக்களித்தன.

இவ்விலக்குகளின் விளைவு இருவகைப்பட்டது. போர்வாள் பொதுவெளியிலிருந்து மறைந்தது. உழைப்புக் கருவியான அரிவாளோ வீடுதோறும் எஞ்சியது. அதனை எதிர்கொள்ளச் சட்டத் தடையின்றிக் கையில் ஏந்தத்தக்கதாகக் கம்பு நின்றது. வாளும் ஈட்டியும் பயின்ற களரிகளில் கம்பு முதன்மை பெற்றதை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

கம்பின் நுட்பம்

நெடுங்கம்பு பொதுவாகப் பயில்வோரின் நெற்றி உயரத்தை அளவாகக் கொண்டது. கத்தியின் வீச்சு கைநீளத்தோடு அலகின் நீளம் சேர்ந்த அளவே ஆதலின், கம்பு ஏந்தியவர் அவ்வெல்லைக்கு வெளியே நிற்க இயலும். சிலம்பத்தில் காலடி வரிசை முதலில் கற்பிக்கப்படுவதன் பொருளும் இதுவே. இடைவெளியைக் காப்பது கையன்று, காலே. தாக்குவோரை வீழ்த்துவதினும் கத்தி பிடித்த மணிக்கட்டைத் தட்டிக் கருவியை விழச்செய்வது காப்பின் இலக்காகின்றது.

இடைவெளி குறுகும்போது குறுங்கம்பும் மான்கொம்பும் பயன்பட்டன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் உண்மையான மான்கொம்பைப் புதிதாகப் பெறுதல் இயலாதாயிற்று. வெறுங்கை நிலையில் குத்துவரிசையின் பிடியும் பூட்டும் உள. எனினும் கூரிய அலகின்முன் அவை இறுதி வழியே, முதல் வழி விலகிச் செல்லுதலே.

நிலவமைப்பும் கருதத்தக்கது. சமவெளியில் சுழலும் நெடுங்கம்பு, ஏலச்செடிகள் அடர்ந்த சரிவின் ஒற்றையடிப் பாதையில் சுழல இடமில்லை. அங்குச் சுழற்றும் வீச்சினும் நேர்க்குத்தும் குறுந்தட்டுமே பயன்தரும். ஆகவே நுட்பங்களை நிலத்தோடு பொருத்தி ஆராய்தல் இன்றியமையாதது.

தற்காப்புரிமையின் எல்லை

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை வரையறுத்தன. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக உள்ளன. காப்பிற்குத் தேவையான அளவை மீறித் தீங்கிழைத்தல் இவ்வுரிமையுள் அடங்காது. மணிக்கட்டைத் தட்டிக் கத்தியை விழச்செய்து நிறுத்தும் சிலம்ப நுட்பம் இவ்வெல்லையோடு இயல்பாகவே பொருந்துகின்றது.

முடிவுரை

கம்பு தப்பிப் பிழைத்த எளிய கருவி மட்டுமன்று. அலகுடைய ஆயுதங்கள் களையப்பட்ட சமூகம், எஞ்சிய அரிவாளை எதிர்கொள்ளக் கைக்கொண்ட காப்பு என்பது இவ்வாய்வின் முடிவு. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இவ்வேற்பு வரவேற்கத்தக்கது. ஆயினும் தொடுபுள்ளியையும் வீச்சின் நேர்த்தியையும் மதிப்பிடும் போட்டி முறையில், கத்திக்கு எதிரான இணைப்பயிற்சிக்கு இடம் அருகும். ஆசான்களின் நினைவிலும் உடலிலும் மட்டும் வாழும் அப்பயிற்சியைக் காலடி, இடைவெளி, இலக்கு என்னும் கூறுகளுடன் ஊர்வாரியாகப் பதிவுசெய்தல் உடனடிப் பணியாகும். மலையடிவார ஊர்களிலிருந்து அப்பணியைத் தொடங்குதல், சமவெளிச் சான்றுகளை மட்டுமே சார்ந்த நமது சிலம்ப வரலாற்றை நிறைவுசெய்யும்.