முகில் மறைத்த முழுக்கிரகணம்

1955ஆம் ஆண்டு யூன் மாதம் 20ஆந் திகதி காலை, இந்து சமுத்திரத்திலே தொடங்கிய முழுச் சூரியகிரகணத்தின் நிழல் மாலைதீவைக் கடந்து இலங்கையின் குறுக்கே விரைந்து சென்றது. பதினோராம் நூற்றாண்டுக்குப் பின் நிகழ்ந்த முழுக்கிரகணங்களுள் அதுவே மிக நெடியது. தென்சீனக் கடலில் இருள் 7 நிமிடம் 8 செக்கன் நீடித்தது. இலங்கையிற் சூரியன் இன்னும் உச்சியை நெருங்காத வேளையாதலின் இருள் அதனினுங் குறுகியதாயிற்று.

அச்சில நிமிடங்களுக்காக வானியலறிஞர் கடல் கடந்து வந்தது ஏன்? சூரியனைச் சூழ்ந்துள்ள ஒளிமுடி, பகலொளியிலே புலனாவதில்லை; சந்திரன் சூரிய வட்டத்தை முற்றாக மறைக்கும்போதே வெண்முத்தின் நிறத்தோடு தோன்றும். 1869இல் அவ்வொளியிற் கண்ட பச்சைக் கோடு ஒன்று அறியாத மூலகத்தினது என எண்ணப்பட்டது. 1940களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு எட்லென், அது பதின்மூன்று இலத்திரன்களை இழந்த இரும்பின் கோடே எனக் காட்டினார். இரும்பு அந்நிலையை எய்தப் பத்து இலட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ ஏறக்குறைய 6000 பாகையே. அடுப்பினும் அதன் மேலெழும் புகை வெப்பமிக்கது என்பது போன்ற புதிர் இது!

இடத்தேர்வு நியாயமானதே. யூனில் தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாய்க் கீழைச் சமவெளியில் இறங்கும். மட்டக்களப்பு வாவிக்கரை மக்கள் கச்சான் என வழங்கும் வெங்காற்று அதுவே. வாவிக்கு வடமேற்கேயுள்ள பொலனறுவை, ஹிங்குராக்கொடைப் பகுதிகளிற் கருவிகள் நிறுவப்பட்டன. கணித்த நேரத்திலே நிழல் வந்தது. முகிலும் உடன் வந்தது. பலருடைய பல மாத உழைப்பு முகிலோடு போயிற்று. முகிலுக்குப் பஞ்சாங்கம் எவருங் கணித்ததில்லை.

அந்நாளில் வேறொரு துன்பமும் நிகழ்ந்தது. கிரகண வேளையில் வசம்பு சேர்த்த மருந்தை உண்டாற் சிவந்த மேனி வாய்க்கும் என்ற வதந்தியை நம்பிய பெண்கள் பலர் நோயுற்று வைத்தியசாலை சேர்ந்தனர். ஒளிமுடியின் வெப்பத்தை அளக்க வந்தோரும் இம்மருந்தை அரைத்தோரும் ஒரே நிழலின் கீழ் நின்றனர். வதந்தியைத் தடுக்கக் கல்விமான்கள் முன்வந்திருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

இரண்டாண்டிலே, 1957 ஒக்டோபர் 4ஆந் திகதி, உருசியாவின் ஸ்புட்னிக் விண்ணேறியது. 1958இல் அமெரிக்கரான பாக்கர், ஒளிமுடி நிலையாக நில்லாது வெளிநோக்கி ஓயாது பாய்கின்றது எனக் கணித்துரைத்தார். அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1962இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மரினர்-2, வழியெங்கும் அக்காற்றை அளந்து அவர் கூற்றை மெய்ப்பித்தது. 1973இல் ஸ்கைலாப் நிலையம், சூரிய வட்டத்தைத் தகட்டால் மறைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்கும் கருவியுடன் முகில்களுக்கு மேலே சுழன்றது. 2023இல் இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1, 2024 சனவரியிற் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள இடத்தை அடைந்தது. அங்கே முகில் இல்லை, கச்சானும் இல்லை. எனினும் ஒளிமுடியைச் சுடச்செய்வது யாதென்பதில் அறிஞரிடை இன்றும் ஒருமித்த முடிவில்லை.