தொட்டிலிலே ஒரு கர்ணம்!

பிறந்து சில திங்களே ஆன குழந்தை. தொட்டிலிலே உறங்குகிறது. பாலும் தாலாட்டும் தவிர வேறொன்றும் அறியாது. ஆயினும் சர்க்கார் ஏட்டிலே அதன் பெயர் ஏறிவிட்டது. ஊரின் கணக்கு வேலைக்கு உரிமையுடையவர் இவரே என்று! தகப்பன் கர்ணமாக இருந்து இறந்தார். ஆகவே தனயன் கர்ணம். எழுத்தறியாவிட்டால் என்ன? எண்ணறியாவிட்டால் என்ன? வளரட்டும், வயது வரட்டும், அதுவரையில் வேறொருவர் வேலை பார்க்கட்டும்!

கட்டுக்கதை அன்று இது, சட்டம். சென்னை மாகாணத்தில் 1895-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மூன்றாவது சட்டம். பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் என்று அதற்குப் பெயர். உரியவர் சிறுவராயின் கலெக்டர் அவரை வாரிசாகப் பதிவு செய்யவேண்டும், அவர் வயதுவந்து தகுதி பெறும்வரை வேறொருவரை அமர்த்தவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

அரசாங்கம் சிக்கனமாக நடக்கவேண்டும், வீண்செலவைக் குறைக்கவேண்டும், ஒரே வேலையைச் செய்யும் பல அலுவலகங்களை ஒன்றாக்கவேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. நல்ல பேச்சுத்தான். ஆனால் வீண் என்பது எது? ஆள் மிகுதியா, அலுவலக மிகுதியா, அல்லது வேறொன்றா? இக்கேள்விக்கு நம் தருமபுரிச் சீமையின் வரலாறு விடை தருகிறது.

1792. சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பெனியார் கைக்கு வந்தது. நிருவாகத்தை ஏற்றவர் அலெக்சாண்டர் ரீடு. அவருக்குத் துணையாக வந்த இளம் இராணுவ அதிகாரிகளுள் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில், 1820-இல், சென்னை மாகாணக் கவர்னரான அதே மன்றோ. தருமபுரியில் தங்கி, குதிரையேறி ஊர் ஊராகச் சென்று, 1799 வரை இங்கே பணியாற்றினார் அவர். வயல்களை அளந்தனர், வரி விதித்தனர். இடையிலே ஜமீன்தார் வேண்டாம், உழுபவனுக்கும் சர்க்காருக்கும் நேரடித் தொடர்பு வேண்டும் என்ற ரயத்துவாரி முறை உருப்பெற்ற இடம் இந்த மண்.

இடைத்தரகனை நீக்கும் ஏற்பாடு! கேட்க இனிக்கிறது. ஆனால் ஒவ்வொரு குடியானவனுக்கும் தனிக் கணக்கு என்றால், அந்தக் கணக்கை எழுதுபவன் யார்? வெள்ளைத் துரைக்கு ஊரும் தெரியாது, உழவும் தெரியாது. குடியானவனுக்கோ எழுத்துத் தெரியாது, தெரியவிடவில்லை. இருவருக்கும் நடுவிலே ஏட்டோடும் எழுத்தாணியோடும் நின்றவர் கர்ணம். எந்த வயல் யாருடையது, எது நஞ்சை, எது புஞ்சை, எது புறம்போக்கு, எவ்வளவு விளைந்தது, எவ்வளவு பாக்கி என எல்லாம் அவர் எழுதியதே. ஜமீன் என்ற இடைத்தரகனை வாசல்வழியே அனுப்பிவிட்டு, ஏடு என்ற இடைத்தரகனைக் கொல்லைவழியே அழைத்துக்கொண்ட கதை அது.

அந்த ரயத்துவாரியாவது உடனே நிலைத்ததா? இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சேலம் மாவட்டம் மிட்டாக்களாகத் துண்டாடப்பட்டு விற்கப்பட்டது. நிரந்தர வரித்திட்டம் வந்த அதே 1802-ஆம் ஆண்டில், கர்ணங்களுக்கென்றே 29-ஆம் ஒழுங்குவிதி பிறந்தது. கர்ணம் பதவி காலியானால் முந்தைய கர்ணத்தின் வாரிசையே அமர்த்தவேண்டும், தகுதியற்றவராயிருந்தாலொழிய மற்றவருக்கு இடமில்லை என்றது அது. 1816-இல் மணியக்காரருக்கு முன்சீப் என்ற பட்டமும் வந்தது. வரி வசூலிப்பவர் அவர். சிறு வழக்கை விசாரிப்பவர் அவர். ஊர்க்காவலும் அவர் பொறுப்பு. மன்னர்கள் மாறினர், கொடிகள் மாறின. மணியமும் கணக்கும் மட்டும் மகனிடமிருந்து மகனுக்கு நடந்துகொண்டே இருந்தன.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்கவேண்டும். இங்கிலாந்திலே 1854-இல் நார்த்கோட், டிரெவலியன் என்னும் இருவர் ஓர் அறிக்கை தந்தனர். சர்க்கார் வேலை சிபாரிசாலும் செல்வாக்காலும் கிடைக்கலாகாது, தேர்வால் கிடைக்கவேண்டும் என்பது அதன் சாரம். அந்த டிரெவலியன் 1859-இல் சென்னைக் கவர்னராகவே வந்தார். மறு ஆண்டே புதிய வரிகளை வெளிப்படையாக எதிர்த்ததற்காகத் திரும்ப அழைக்கப்பட்டார். அவர் சொன்ன தேர்வுமுறை 1870-இல் இங்கிலாந்தில் ஆணையாயிற்று. அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே ஆங்கில ஆட்சி இங்கே என்ன சட்டம் செய்தது? பரம்பரைச் சட்டம்! இலண்டனிலே தேர்வு, பென்னாகரத்திலே பிறப்பு!

ஏன் அப்படிச் செய்தார்கள்? அறியாமையால் அன்று, சிக்கனத்தால்! பரம்பரைக் கர்ணத்துக்குச் சிறுசம்பளம் போதும். அலுவலகம் கட்டித்தர வேண்டியதில்லை. அவர் வீட்டுத் திண்ணையே கச்சேரி, அவர் வீட்டுப் பரணே ஆவணக் காப்பகம். வரவுசெலவுத் திட்டத்தைப் பார்ப்பவருக்கு மிக மலிவான நிருவாகம். ஆனால் அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர் யார்? களத்துமேட்டிலே மேரை அளந்த உழவர். பட்டாவிலே பெயர் மாற்றக் காத்துக் கிடந்த கைம்பெண். கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்க அஞ்சி, ஏரோட்டிய நிலம் தன்னுடையதுதானா என்று அறியாமலே மாண்டுபோன ஏழை. சர்க்கார் ஏட்டிலே சிக்கனம். ஊரார் வீட்டிலே தண்டம். ஏட்டில் ஏறாத செலவும் செலவுதான்.

பரம்பரை என்னும் விலங்கு மேலே இருந்தவருக்குப் பொன்விலங்கு, கீழே இருந்தவருக்கு இரும்பு விலங்கு. கர்ணத்தின் மகன் கர்ணம் என்ற அதே முறைதான், வெட்டியானின் மகன் வெட்டியான் என்றும் சொல்லிற்று. முன்னது உரிமை, பின்னது அடிமை. பம்பாய் மாகாணத்திலே மகர் மக்களைப் பிணித்த வத்தன் முறையும் இதன் உடன்பிறப்பே. அதைத் திருத்த 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார் டாக்டர் அம்பேத்கர். கிராமத்துக் கீழ்நிலை வத்தன்களை ஒழிக்கும் சட்டம் அங்கே 1958-இல்தான் வந்தது. முப்பது ஆண்டுகள்! அடிமை முறைகூட ஒரு வேலைவாய்ப்பாகக் காட்டப்படும் நாட்டிலே சீர்திருத்தத்தின் நடை அத்துணை மெதுவாகத்தான் இருக்கும் போலும்.

பிரெஞ்சு நாட்டிலே பதவிகளை விலைக்கு விற்றார்கள். 1789 ஆகஸ்ட் 4-ஆம் நாள் இரவு, தேசிய மன்றம் கூடி, நிலப்பிரபுத்துவ உரிமைகளோடு பதவி விற்பனையையும் ஒழிக்க முடிவெடுத்தது. பணம் கொடுத்தவனுக்குப் பதவி என்பதை அவர்கள் ஓர் இரவிலே உதறினர். பணம்கூட வேண்டாம், பிறந்தாலே போதும் என்ற முறையை உதற நமக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பார்ப்போம்.

1950-இல் அரசியல் சட்டம் வந்தது. சர்க்கார் வேலையில் மதம், சாதி, பால், வழிமரபு பார்த்து வேற்றுமை காட்டலாகாது என்று 16-ஆம் பிரிவு கூறிற்று. ஆனால் 1895-ஆம் ஆண்டுச் சட்டம் அசையவில்லை. ஆந்திரத்திலே குண்டூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, புதிய ஊரின் முன்சீப் வேலையும் பழைய குடும்பத்துக்கே என்றனர். கஜுல தசரத ராமராவ் என்பவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1960 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கிராமப் பதவி குடும்பச் சொத்தன்று, அது அரசின் கீழுள்ள பணி, அதிலே வழிமரபு பார்ப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது தீர்ப்பு.

தமிழகத்தில் பரம்பரை உரிமையைச் சட்டத்தால் நீக்கியது 1968-ஆம் ஆண்டு, அண்ணா முதல்வராக இருந்தபோது. ஆயினும் உரிமை போனதே தவிர, அமைப்பு நின்றது. பகுதிநேர வேலை, இடமாற்றம் இல்லாத பதவி, பழைய முகங்கள், பழைய திண்ணை. 1973-இல், கலைஞர் ஆட்சிக் காலத்தில், நிருவாகச் சீர்திருத்தக் குழு தன் அறிக்கையைத் தந்தது. பகுதிநேரக் கிராம அதிகாரிகளை நீக்கி, இடமாற்றத்துக்கு உட்பட்ட முழுநேர அலுவலரை அமர்த்துக என்பது அதன் பரிந்துரை. அதைச் செயலாக்கியது எம்.ஜி.ஆர். ஆட்சி. 1980 நவம்பர் 14 முதல், மணியம், கர்ணம், அவர்களின் கூடுதல் பதவிகள் யாவும் அவசரச் சட்டத்தால் ஒழிந்தன. 1981-இல் முறையான சட்டமாயிற்று. 20,000-க்கும் மேற்பட்டோர் பதவி இழந்தனர். அந்த இடங்களுக்கு மாற்றாகக் கிராம நிருவாக அலுவலர் என்னும் ஒரே பதவி வந்தது. இன்று அப்பதவிகள் 12,000-த்துக்குச் சற்று மேல்.

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? வழக்குத் தொடுத்தனர். 1982-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நல்லெண்ணத்தோடு ஒரு பதவியையே ஒழிப்பது அரசின் கொள்கை முடிவு, அது தண்டனை ஆகாது என்று விளக்கிற்று. கல்வித் தகுதி உடைய பழைய அலுவலர்கள் புதிய பணிக்குப் பரிசீலிக்கப்படவும் வழி செய்யப்பட்டது. ஆளைத் தூக்கி எறிவது வேறு. அமைப்பை மாற்றுவது வேறு என்ற நயம் அங்கே காக்கப்பட்டது.

அடித்தளத்தில் நடந்த இந்த மாற்றத்துக்கு இரண்டே வாரங்கள் கழித்து, உச்சியிலும் ஒரு மாற்றம். 1786-இல் கும்பெனியார் அமைத்த ரெவினியூ போர்டு, 1980 டிசம்பர் 1-ஆம் நாள் மறைந்தது. கலெக்டர் எழுதுவார் போர்டுக்கு. போர்டு எழுதும் கோட்டைக்கு. கோட்டையின் பதில் அதே வழியிலே இறங்கிவரும். ஒரே கோப்புக்கு இரண்டு முறை குறிப்பு, இரண்டு முறை ஒப்பம். அப்படி 194 ஆண்டுகள்! போர்டை நீக்கி, வருவாய் நிருவாகம், நில நிருவாகம், வணிகவரி எனப் பொறுப்பைப் பகுத்து, ஆணையர்களிடம் ஒப்படைத்தனர். இரட்டை வேலை இல்லாதாகும்போது கிடைப்பதே உண்மையான சிக்கனம்.

அலுவலகங்களைச் சேர்ப்பது மட்டுமே சிக்கனம் என்று எண்ணிவிடலாகாது. 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஒன்றாயிருந்ததை மூன்றாக்கினார்களே, மூன்று கலெக்டர், மூன்று அலுவலகம், இது வீண் அல்லவா என்று கணக்குப் பிள்ளைகள் கேட்கலாம். ஓசூர்க் குடியானவன் ஒரு மனுவை எடுத்துக்கொண்டு சேலம் வரை போய்வந்த நாளை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். அவன் இழந்த நாட்கூலி, பேருந்துக் கட்டணம், கலெக்டர் இல்லை நாளை வா என்ற பதில், இவை எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் ஏறவில்லை. சேர்ப்பதா, பிரிப்பதா என்பதன்று கேள்வி. குடிமகனின் நடை குறைந்ததா என்பதே கேள்வி.

இன்னொரு வகைச் சிக்கனத்தையும் நம் தலைமுறை கண்டது. 2001 நவம்பரில் தமிழக அரசு புதிய பணி நியமனங்களுக்குத் தடை விதித்தது. ஆசிரியர், மருத்துவர், காவலர் போன்ற சில பணிகளுக்கே விலக்கு. 2006 தொடக்கத்தில்தான் தடை நீங்கிற்று. செலவு குறைந்திருக்கும், ஐயமில்லை. ஆனால் கதவு சாத்தப்பட்டது யாருக்கு? முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்று, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பிள்ளைகளுக்கு. 1980-இன் சீர்திருத்தம் பிறப்பின் கதவை மூடித் தேர்வின் கதவைத் திறந்தது. 2001-இன் சிக்கனம் தேர்வின் கதவையே மூடிற்று. இரண்டுக்கும் பெயர் சிக்கனம், இரண்டும் ஒன்றாகுமா?

இன்று கிராம நிருவாக அலுவலர் வேலைக்குத் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. தனியாக நடந்துவந்த அத்தேர்வு 2018-இல் நான்காம் தொகுதித் தேர்வோடு இணைக்கப்பட்டது. ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம். இடஒதுக்கீடு உண்டு. எந்தச் சாதியிலே பிறந்தவரும் எழுதலாம். பெண்கள் எழுதுகிறார்கள், வெல்கிறார்கள், கணக்கேட்டின் முன் அமர்கிறார்கள். நம் வகுப்பறையிலே முன்வரிசையில் இருக்கும் மாணவி, நாளை ஒரு கிராமத்தின் நில ஆவணங்களுக்குப் பொறுப்பாகலாம். இருநூறு ஆண்டுகளாகப் பரணிலே இருந்த ஏடு, இன்று பொது உடைமை.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. கையூட்டு வாங்கிச் சிக்கும் அலுவலர்களைப் பற்றிய செய்தி ஏட்டிலே வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. இன்று தவறு செய்பவரை இடமாற்றலாம், இடைநீக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். பிறவியால் வந்தவரை எங்கே மாற்றுவது? மற்றொன்று: 1980-ஆம் ஆண்டுச் சட்டம் மணியத்தையும் கர்ணத்தையும் ஒழித்தது, தலையாரி, வெட்டியான் முதலிய கிராமப் பணியாளரை அது தொடவில்லை. பெயர் பின்னர் உதவியாளர் என்று மாறிற்று. ஊரில் சாவு விழுந்தால் பறை அறைய யாரைத் தேடுகிறார்கள், குழி தோண்ட யாரை அழைக்கிறார்கள் என்று பாருங்கள். மேலிருந்த பரம்பரை சட்டத்தால் போயிற்று. கீழுள்ள பரம்பரை வழக்கத்தால் வாழ்கிறது. அதுவே இன்னும் முடியாத வேலை.

ஆகவே தோழர்களே! அரசாங்கம் இளைக்கவேண்டும் என்று யார் கூறினாலும் மூன்று கேள்வி கேட்போம். குறைவது சலுகையா, சேவையா? மூடுவது பிறப்பின் கதவா, தேர்வின் கதவா? மிச்சமாகும் பணத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

கேட்பதோடு நில்லாமல், செய்யவும் ஒரு வேலை உண்டு. ஆண்டுதோறும் தாலுக்காவிலே ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகள் தணிக்கைக்கு வரும் நாள் அது. எழுத்தறிந்த இளைஞர் இருவர் ஓர் ஊருக்கு எனச் சென்று, சிட்டாவும் அடங்கலும் படிக்கத் தெரியாத முதியவருக்குப் படித்துக் காட்டுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். ஏடு நமக்கு எட்டாதிருந்த காலம் போய்விட்டது. எட்டிய ஏட்டைத் திறவாதிருந்தால், தொட்டிலிலிருந்த அந்தக் கர்ணம் வேறு வேடத்திலே மீண்டும் எழுந்து வருவான்.