தந்தை பெயர் தாங்கிய இசைத்தட்டு

தமிழ் வகுப்பில் மாணவர் கேட்கும் கேள்வி சில வேளைகளில் ஆசிரியரை அறியாத துறைக்கு இழுத்துச் சென்றுவிடும். சில திங்களுக்கு முன், லாயாங் லாயாங்கில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவி ஒருத்தி, "ஐயா, அருளர் என்பது தமிழ்ச் சொல்தானே?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அருள் என்னும் பகுதியோடு அர் என்னும் பலர்பால் விகுதி சேர்ந்து, உயர்வு கருதி ஒருவர்க்கே வழங்கும் சொல் அது என்று இலக்கணமும் கூறினேன். அவள் தன் கைப்பேசியில் ஒரு பாடல் தொகுப்பின் முகப்பைக் காட்டினாள். ஆங்கில எழுத்தில் 'அருளர்' என்றிருந்தது. பாடியவர் பெயர் எம்.ஐ.ஏ. பாடல்களோ ஆங்கிலப் பாடல்கள். "தமிழ்ப் பெயர் வைத்தவர் தமிழில் ஏன் பாடவில்லை, ஐயா?" என்பது அவளுடைய அடுத்த வினா. அதற்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. தேடிப் பெற்ற விடையை இங்கே எழுதுகிறேன்.

எம்.ஐ.ஏ. எனப்படுபவர் மாதங்கி அருட்பிரகாசம். மாயா என்பது வீட்டில் வழங்கும் பெயர். 1975-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலண்டன் மாநகரின் மேற்குப் புறத்திலுள்ள அவுன்சுலோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாய் இருக்கும்போதே பெற்றோருடன் யாழ்ப்பாணம் சென்றார். இடையிற் சில காலம் சென்னையில் வறுமையோடு வாழ்ந்ததுண்டு. ஈழத்தில் போர் முற்றியபின், 1986-இல் தாய் கலாவும் பிள்ளைகளும் ஏதிலியராக இலண்டனுக்கே திரும்பினர். தென்மேற்கு இலண்டனில் மிச்சம் என்னும் பகுதியில், ஏழை மக்களுக்கென அரசு கட்டிய குடியிருப்பில் இடம் கிடைத்தது. பிறந்த ஊருக்கே அகதியாய் வந்து சேர்ந்த பிறவி அது.

தந்தை உடன் வரவில்லை. ஈரோஸ் எனப்பட்ட ஈழப் புரட்சி மாணவர் இயக்கத்தை 1975-இல் இலண்டனில் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். அருட்பிரகாசம் என்னும் பெயரைச் சுருக்கி, இயக்கத்தில் 'அருளர்' என வழங்கப்பட்டார். மேலைநாட்டு இதழாளர் பலர் அவரை விடுதலைப் புலி என்று எழுதிவிட்டனர்; அது பிழை. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு. மலையகத் தோட்டத் தொழிலாளரையும் ஈழவர் என்னும் வட்டத்துள் வைத்து எண்ணிய இயக்கம் ஈரோஸ் என்பதை, தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம்மனோர் மனங்கொள்ளுதல் தகும். அவ்வரசியலின் நன்மை தீமையை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் தமிழாசிரியர் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. 'லங்கா ராணி' என்னும் நாவலை எழுதிய அருளரும் இவரே. 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பில் வீடிழந்த தமிழரை ஏற்றிக்கொண்டு வடக்கே சென்ற கப்பலின் பெயர் அது. அக்கப்பலிலேயே கதை நிகழ்கிறது. ஆகவே அந்த ஆங்கில இசைத்தட்டின் முகப்பில் இருப்பது வெறும் இயக்கப் பெயரன்று; ஒரு தமிழ் நாவலாசிரியரின் பெயருமாகும்.

இளமையில் மாயா தந்தையைக் கண்டது அரிது. வீட்டுக்கு மறைவாக வந்து சென்ற நாள்களிலும், பிள்ளைகள் வாய்தவறிச் சொல்லிவிடலாகாது என்பதற்காக, அவரைச் சிற்றப்பா போலவே அறிமுகம் செய்துவைத்தனராம். தமிழர் வழக்கில் தந்தையின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னே ஒற்றை எழுத்தாய் நின்று வாழ்நாள் முழுதும் உடன்வரும். இங்கோ, தந்தையையே தந்தை என்று அழைக்கக் கொடுத்துவைக்காத பெண், பின்னாளில் தன் முதல் இசைத்தட்டுக்கு அவர் பெயரைச் சூட்டினார். தலைப்பெழுத்து தலைப்பே ஆயிற்று.

இனி அவர் இசை எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். ஆங்கிலம் சரிவர அறியாமல் இலண்டன் பள்ளியில் சேர்ந்த சிறுமிக்கு வானொலிப்பெட்டி ஒன்றே துணை. அதுவும் களவு போயிற்று. பிறகு அடுத்த வீட்டு இளைஞன் உரக்க வைத்துக் கேட்ட அமெரிக்கக் கறுப்பரின் ராப் பாடல்கள் சுவர் வழியே வந்து சேர்ந்தன. இதனை அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். சொல் புரியாவிடினும் அடியும் தாளமும் புரிந்தன. நம் பிள்ளைகளுக்குச் செய்யுள் கற்பிக்கும்போதும் முதலில் காதில் விழுவது சந்தம். பொருள் பின்னரே வரும்.

அவர் முறையாக இசை பயின்றவரல்லர். இலண்டனிலுள்ள புகழ்பெற்ற சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் ஓவியமும் திரைப்படக் கலையும் பயின்று 2000-ஆம் ஆண்டளவில் வெளிவந்தவர். எலாஸ்டிக்கா என்னும் இசைக்குழுவுக்கு உறை ஓவியம் வரைந்து, அவர்களுடைய பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றார். அங்கே, முன்னிகழ்ச்சி வழங்கிய பீச்சஸ் என்னும் பாடகி, ரோலண்டு எம்.சி. 505 என்னும் தாளக் கருவியை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். மேசைமேல் வைக்கத்தக்க சிறு பொறி அது. முழவொலி, கைத்தட்டு, தடித்த அடிநாதம் முதலியவை அதனுள் அடங்கியிருக்கும். வேண்டியவற்றை அழுத்தி அடுக்கினால் அது சுழன்று சுழன்று ஒலித்துக்கொண்டேயிருக்கும். பக்கவாத்தியக்காரர் வேண்டா, சுரப்பயிற்சி வேண்டா. கருவியை எலாஸ்டிக்கா குழுவின் தலைவி ஜஸ்டின் பிரிஷ்மனிடம் இரவல் பெற்று, நான்கு தடப் பதிவுப் பெட்டியொன்றில் முதற் பாடல்களை அமைத்தார். அவருடைய பாட்டில் இராகம் குறைவாகவும் தாளம் மிகுதியாகவும் இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. கைக்குக் கிடைத்த கருவி எதுவோ, அதற்கேற்ப இசையும் அமையும். துடிக்கு ஒரு பாட்டு, யாழுக்கு ஒரு பாட்டு என்று பண்டையோர் வேறுபடுத்தியதும் இதுபற்றியே.

முதலில் வெளிவந்த பாடல் 'கலாங்'. 2003-இல் ஒரு சிறு நிறுவனம் 500 தட்டுகளே வெளியிட்டது. அத்தலைப்பு ஜமைக்காத் தீவு மக்களின் பேச்சுவழக்கு; 'போய்க்கொண்டே இரு' என்பது அதன் பொருள். அந்த 500 தட்டுகள் நடன அரங்குகளில் சுற்றிவந்ததன் பயனாக எக்ஸ்.எல். என்னும் நிறுவனம் அவரை ஏற்றுக்கொண்டது. 2005-ஆம் ஆண்டு 'அருளர்' வெளியாயிற்று.

தட்டின் தொடக்கமே ஆசிரியர் மனத்தைத் தொடுவது. பாடல் அன்று, ஒரு சிறு நாடகக் கூறு. அகதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புப் போல, வாழைப்பழம் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அசை அசையாகப் பிரித்து உரைக்கும் குரல் கேட்கிறது. நகைச்சுவையாகத்தான் செய்திருக்கிறார். எனினும் புலம்பெயர்ந்த பிள்ளை வாய்திறந்து பேசக் கற்ற முதற்பாடம் அது என்று உணரும்போது நகை நின்றுவிடுகிறது.

பிறகு வரும் பாடல்களில் எத்தனை நாட்டு ஒலிகள்! இலண்டன் தெருக்களின் வேகப் பேச்சுப்பாட்டு, ஜமைக்காவின் நடனத்தாளம், அமெரிக்க ராப், மின்னொலி இசை எல்லாம் ஒன்றன்மேலொன்று படிந்து கிடக்கின்றன. ஒரு பாடலின் வரலாற்றை மட்டும் கூறுகிறேன். 'பக்கி டன் கன்' என்பது பிரேசில் நாட்டு ரியோ நகரச் சேரிகளில் வழங்கும் பங்க் இசையைத் தழுவியது. அந்நாட்டுப் பாடகி தெய்சி திக்ரோனாவின் பாடலொன்றே அதற்கு மூலம். அம்மூலத்தில் ஒலிக்கும் ஊதுகொம்பிசையோ 'ராக்கி' என்னும் 1976-ஆம் ஆண்டு அமெரிக்கக் குத்துச்சண்டைப் படத்திற்குரியது! அமெரிக்கத் திரையரங்கில் எழுந்த ஓசை ரியோவின் சேரிக்குச் சென்று, அங்கிருந்து இலண்டனில் யாழ்ப்பாணத்துப் பெண்ணின் பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கலப்பு என்று இதனை எள்ளிவிடுதல் எளிது. ஆயினும் ஏழையர் குடியிருப்புகளில் வாழ்வோர் ஒருவர் ஓசையை ஒருவர் இரவல் வாங்கும் இயல்பைக் காட்டும் சான்றாகவே இது எனக்குத் தோன்றுகிறது.

குறையையும் சொல்லிவிடவேண்டும். போர், துப்பாக்கி, வெடி என்னும் சொற்கள் இத்தட்டில் முழக்கங்களாகவே வந்து போகின்றன; அவற்றின் பின்னுள்ள துயரம் பாட்டுக்குள் போதிய அளவு இறங்கவில்லை. 'சன்ஷவர்ஸ்' என்னும் பாடலில் பாலத்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறதென்று எம்.டி.வி. தொலைக்காட்சி தடை கூறியது. அவ்வளவு அஞ்சத்தக்க ஆழம் அவ்வரியில் இருப்பதாக நான் கருதவில்லை. தட்டு பெருவாரியாக விற்றதென்றும் கூறமுடியாது. பிரித்தானிய விற்பனை வரிசையில் 98-ஆம் இடமும் அமெரிக்க வரிசையில் 190-ஆம் இடமுமே எட்டியது. ஆனால் அவ்வாண்டின் மெர்க்குரிப் பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

இவ்வாறு முதற் படைப்புக்குப் பெற்றோர் நினைவைப் பெயராக வைத்தவர் இவர் ஒருவரேயல்லர். பலோஜி என்னும் பாடகர் காங்கோ நாட்டில் லுபும்பாசி நகரில் 1978-இல் பிறந்து, சிறு வயதிலேயே தாயைப் பிரிந்து பெல்ஜியத்தில் வளர்ந்தவர். நெடுங்காலம் கழித்துத் தாயிடமிருந்து வந்த மடலுக்கு மறுமொழியாக அவர் தனியே வெளியிட்ட முதல் தொகுப்பு 2007-இல் வந்த 'ஓட்டல் இம்பாலா'. அது காங்கோவில் தந்தைக்கு உரியதாயிருந்த விடுதியின் பெயர். ராப்பும் ஆப்பிரிக்க இசையும் அமெரிக்கக் கறுப்பரின் சோல் இசையும் அதிலும் கலந்தே வருகின்றன. பெற்ற நாட்டின் மொழி வாயில் தங்காத பிள்ளைகள் பெயரையாவது பற்றிக்கொள்கின்றனர் போலும்.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லையா என்று கேட்பின், புறநானூற்றின் 112-ஆம் பாட்டைக் காட்டலாம். பாடியோர் பாரி மகளிர். தந்தையையும் குன்றையும் இழந்த மகளிர் பாடிய பாட்டு அது. வேறுபாடும் பெரிது. அவர்கள் தந்தையோடு வாழ்ந்து இழந்தவர்கள். தம் மொழியிலேயே பாடினார்கள். மாயாவுக்கு அவ்விரண்டும் வாய்க்கவில்லை.

இங்கேதான் என் மாணவியின் வினாவுக்கு வருகிறோம். பத்துப் பதினோரு வயதில் மொழி மாறிய பிள்ளைக்கு வீட்டுப் பேச்சளவில் தமிழ் தங்கும். பாட்டுக் கட்டுமளவுக்குத் தங்குவது அரிது. பாட்டுக் கட்டக் கற்றது எம்மொழியோ, அம்மொழியிலேதான் பாட்டு வரும். ஆகவே தமிழில் பாடாமை அவர் செய்த குற்றமன்று. அவர்க்கு நேர்ந்த இழப்பு. அவ்விழப்பை அவர் ஓசையால் ஈடுசெய்ய முயன்றதை 2007-இல் வந்த இரண்டாம் தொகுப்பில் காணலாம். அது தாயின் பெயரால் 'கலா' எனப்பட்டது. அதற்காகச் சென்னைக்கே சென்று உறுமிக் கலைஞர்களை அமர்த்திப் பதிவு செய்தார். அதன் முதற் பாடலில் இளையராசா 'தளபதி' படத்திற்கு அமைத்த காட்டுக்குயில் பாட்டின் இசைத்துண்டு கேட்கும். இசை என்ற அளவில் அதுவே முதல் தட்டினும் சிறந்தது என்பது என் எண்ணம்.

உறுமி என்றவுடன் நமக்கு விளக்கம் வேண்டுவதில்லை. ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையே இரயில் நிற்கும் இச்சிற்றூரைச் சூழ, ஒருகால் இரப்பர்க் காடும் இப்பொழுது செம்பனையுமாய் விரிந்த தோட்டங்களில், கோயில் திருவிழா உறுமியின்றி நடப்பதில்லை. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க அது முனகும். மறுமுகத்தை அடிக்க அது அதிரும். 'பாய்ஸ்' என்னும் அவர் பாட்டை என் மாணவி ஒலிக்கச் செய்தபோது, அறையிலிருந்த சிறுவர் இருவர் சொல் எதுவும் கேட்காமலே மேசையில் தாளம் போடத் தொடங்கினர். தைப்பூசத்தில் காவடிக்கு முன் கேட்ட அடி அது.

ஆனால் ஓசை மட்டும் போதுமா? போதாது என்றே நான் கூறுவேன். 'அருளர்' வந்த மறு ஆண்டில், 2006-இல், நம் மலேசியாவிலேயே யோகி பியும் நட்சத்திரா குழுவினரும் 'வல்லவன்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். யோகி பி அதற்கு முன் பொயட்டிக் அம்மோ என்னும் குழுவில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீசு எனப் பல மொழி ஒலித்த பாடல்களில் பங்குகொண்டவர். 'வல்லவன்' ராப் என்னும் அயல்வடிவைத் தமிழ்ச் சொல்லாலேயே நிரப்பியது. எதுகையும் மோனையும் இயைபும் உடைய மொழிக்கு அது கடினமாயிருக்கவில்லை. அதில் பெரும்புகழ் பெற்ற பாட்டு, 'நிழல்கள்' (1980) படப் பாடலொன்றைப் புதுக்கியமைத்ததே. தனி வழி கண்டவர்க்கும் சென்னைத் திரையின் கைப்பிடி வேண்டியிருந்தது என்பது சிறிது வருத்தமே. எனினும் தமிழ்ப்பள்ளி இருந்த நாட்டில் தமிழ் ராப் பிறந்தது. இலண்டன் குடியிருப்பில் வளர்ந்த பெண்ணுக்குத் தமிழ்ப் பெயர் மட்டுமே எஞ்சியது. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்குமாறு மாணவியிடம் கூறினேன்.

பின்னாளில் மாயாவுக்குக் கிடைத்த பெருமைகள் பலரும் அறிந்தவை. 2009-இல் ஏ.ஆர். ரகுமானோடு சேர்ந்து அமைத்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படப்பாடல் ஆஸ்கார் பரிந்துரை பெற்றது. 2019-இல் பிரித்தானிய அரசின் எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டது; அத்தகைய பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலையைத்தான் தாய் கலா இலண்டனில் பல ஆண்டுகள் செய்துவந்தார் என்று மகளே அப்போது தெரிவித்தார்.

தந்தையின் செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. பெயரை வைத்தால் அவர் எங்கிருந்தாலும் கண்ணில் படுமே என்று எண்ணியதாக மாயா கூறியதுண்டு. அவ்வாறே பட்டது. அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மகளை எண்ணிப் பெருமைப்படுவதாகவும், தட்டின் பெயரை மட்டும் மாற்றிவிடுமாறும் எழுதியிருந்தாராம். மகள் இணங்கவில்லை. 2019-ஆம் ஆண்டு அருளர் காலமானார்.

என் மாணவி இப்போது 'லங்கா ராணி' நாவலைப் படிக்க வேண்டும் என்கிறாள். ஒரு படி தேடிக்கொண்டிருக்கிறேன்.